டாக்டர் பிராங்க் பான்ட்ரிட்ஜ்: வைத்தியசாலையை வீட்டு வாசலுக்குக் கொண்டு சென்றவர்

பெரியார் ஒருவரின் சரிதத்தை எழுதப் புகுவோர் அன்னாருடைய பிறப்பு, கல்வி, தொண்டு என்று வரிசையாகச் சொல்லிச் செல்லுதல் வழக்கு. நாமும் அவ்வழியையே பின்பற்ற எண்ணினோம். ஆனால், நாம் எடுத்துக்கொண்ட மனிதரோ எந்த வரிசைக்கும் அடங்காதவர். பாடசாலையில் அடங்கவில்லை, படையில் அடங்கவில்லை, பெரிய உத்தியோகத்தில் அமர்ந்த பின்னும் மேலதிகாரிகளுக்கு அடங்கவில்லை. அயர்லாந்து தேசத்து டாக்டர் ஒருவரின் கதை விசுவமடுவில் வெளியாகும் சைவ வாலிபர் மலருக்கு எதற்கு என்று மூத்தோர் சிலர் புருவத்தை உயர்த்தலாம். சற்றே பொறுத்தருளுக. பரந்தன் முல்லைத்தீவு வீதியின் ஓரத்தில் வாழும் எமக்கு, இம்மனிதரை அறிந்திருத்தல் பொழுதுபோக்குச் செய்தியன்று.

ஜேம்ஸ் பிரான்சிஸ் பான்ட்ரிட்ஜ் என்ற முழுப்பெயருடைய இவர், 1916ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆம் திகதி, வட அயர்லாந்தின் டவுன் மாகாணத்தில் உள்ள ஹில்ஸ்பரோ என்னும் சிற்றூரில் பிறந்தார். கமக்காரக் குடும்பம். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பெல்பாஸ்ற் நகரிலுள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் பயின்று 1939இல் பட்டம் பெற்றார். அவ்வாண்டே இரண்டாம் உலக மகா யுத்தம் மூண்டது. றோயல் விக்டோறியா வைத்தியசாலையில் அப்போதுதான் கால் வைத்திருந்த இளம் டாக்டர், தாமாகவே முன்வந்து படையின் வைத்தியப் பகுதியிற் சேர்ந்தார். கப்பலேற்றி அவரை அனுப்பிய இடம் சிங்கப்பூர்.

சிங்கப்பூர் என்றவுடன் எம்மவர் செவி நிமிரும். வெள்ளைக்காரன் காலத்தில் மலாயாப் புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் யாழ்ப்பாணத்தவர் எத்தனை பேர் உத்தியோகம் பார்த்தனர் என்பதையும், இறப்பர்த் தோட்டங்களில் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர் எத்தனை இலட்சம் பேர் உழைத்தனர் என்பதையும் நாம் அறிவோம். அந்தச் சிங்கப்பூர் 1942ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதி யப்பானியர் கையில் வீழ்ந்தது. கோர்டன் ஹைலண்டர்ஸ் படைப்பிரிவுடன் இணைந்து பணிபுரிந்த பான்ட்ரிட்ஜ், குண்டு மழைக்கு நடுவே காயப்பட்டோரைப் பராமரித்த தீரத்துக்காக இராணுவச் சிலுவை விருது பெற்றார். விருது கிடைத்தென்ன? ஆள் கைதி. சாங்கி முகாமில் அடைக்கப்பட்டார்.

இனி வருவது கொடுமையான அத்தியாயம். சீயத்திலிருந்து பர்மாவுக்குச் சுமார் 415 கிலோமீற்றர் நீளமான இரும்புப் பாதையொன்றைக் காட்டை வெட்டி, மலையைப் பிளந்து அமைக்க யப்பானியர் முடிவு செய்தனர். 1942இன் நடுப்பகுதியில் தொடங்கி 1943 ஒக்டோபரில் அவ்வேலை முடிந்தது. 60,000க்கு மேற்பட்ட போர்க் கைதிகள் அதில் வேலை வாங்கப்பட்டனர்; 12,000க்கும் அதிகமானோர் மாண்டனர். அவர்களுடைய கல்லறைகளை இன்றும் வரிசை வரிசையாகக் காணலாம். ஆனால், அவர்களைவிடப் பன்மடங்கு தொகையினராக அங்கே கொண்டுசெல்லப்பட்டவர் ஆசியத் தொழிலாளர். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஏமாற்றியும் பிடித்தும் ஏற்றிச் செல்லப்பட்ட தமிழர் அவர்களுள் மிகப் பலர். ஆசியத் தொழிலாளருள் இறந்தவர்கள் சுமார் 90,000 பேர் என்று சரித்திரகாரர் மதிப்பிடுகின்றனர். அவர்களிற் பெரும்பாலோருக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. ஒரு வெள்ளைக்கார டாக்டரின் சரிதத்திடையே இதனை நுழைப்பானேன் என்று கேட்பாரும் உளர். அவரும் எம்மவரும் ஒரே மழையில், ஒரே சேற்றில், ஒரே வாந்திபேதியின் வாயிற் கிடந்தனர் என்பதனாலேயே சொல்கிறோம்.

1943 ஏப்பிரல் மாதத்தில் 'எப்' அணி எனப் பெயரிடப்பட்ட 7,000 கைதிகள் சிங்கப்பூரிலிருந்து புகையிரதப் பெட்டிகளில் அடைத்துக் கொண்டுசெல்லப்பட்டு, பின்னர் மாரி மழையில் சுமார் 300 கிலோமீற்றர் தூரம் காட்டு வழியே நடத்தப்பட்டனர். அவர்களுள் 3,000க்கு மேற்பட்டோர் உயிருடன் திரும்பவில்லை. பான்ட்ரிட்ஜ் அவ்வணியில் இருந்தார். நோயாளரை ஒதுக்கி வைக்கவென அமைக்கப்பட்ட தன்பாயா முகாமிலும் இருந்தார். மருந்தில்லாத வைத்தியசாலை அது. கட்டுவதற்குச் சீலை இல்லை. கொடுப்பதற்குக் குளிசை இல்லை. இத்தகைய வைத்தியசாலையை எமது ஊர்ப் பெரியோருக்கு நாம் விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 2009 தை மாதத்தில் இதே வீதியிற் காயப்பட்டோரை ஏற்றிச் சென்ற வண்டிகளைக் கண்டவர்கள் அவர்கள்.

அங்கே அவரைப் பற்றிய நோய் பெரிபெரி. இச்சொல் சிங்கள மொழியிலிருந்து வந்ததென்பர். தவிடு முற்றாக நீங்கத் தீட்டிய வெள்ளை அரிசியை மாத்திரமே உண்டு வருவோருக்குத் தயமின் என்னும் உயிர்ச்சத்துக் குறைகிறது. அதனாற் சிலருக்கு நரம்பு தளரும்; சிலருக்கு இதயம் தளர்ந்து, கால் வீங்கி, நீர் கோத்து, மூச்சு முட்டும். பான்ட்ரிட்ஜுக்கு வந்தது இரண்டாவது வகை. விடுதலையான போது மேலுடம்பு எலும்பும் தோலுமாகவும் கீழுடம்பு நீர்கோத்து ஊதியும் இருந்தாராம். ஒரு பக்கச் செய்தியையும் இங்கே சொல்லி வைப்போம். 1900களின் முற்பகுதியில் மலாயாவிற் பணியாற்றிய பிராடன், பிளெச்சர் முதலிய டாக்டர்கள், வெள்ளைப் பச்சையரிசி உண்ட சீனத் தொழிலாளரைப் பெரிபெரி வாட்டியபோது, புழுங்கலரிசி உண்ட தமிழரை அது அதிகம் அணுகவில்லை என்று கண்டு எழுதினார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசியினுள் இறங்கிவிடுகிறது. எங்கள் ஆச்சிமார் எந்தப் புத்தகமும் படியாமல் செய்துவந்த காரியம்!

யுத்தம் முடிந்து ஊர் திரும்பியவர் சிலகாலம் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தார். பின் புலமைப்பரிசில் பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, இதய மின்பதிவுக் கலையில் அக்காலத்து மகாவித்துவானாக விளங்கிய பிராங்க் வில்சன் என்பாரிடம் பயின்றார். 1950இல் மீண்டார். 1951இல் றோயல் விக்டோறியா வைத்தியசாலையில் வைத்தியராக நியமனம் பெற்று, 1982இல் ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார். தம் இதயம் ஒரு காலத்திற் பட்ட பாடே அவரை இதய வைத்தியத்தின்பால் இழுத்தது என்பர் சிலர். இருக்கலாம்.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறோம். மாரடைப்பு என்பதும் இதயம் நின்றுபோதல் என்பதும் ஒன்றென்றே நம்மிற் பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபட்டு, அத்தசையின் ஒரு பகுதி வாடுவது மாரடைப்பு. அந்நிலையில் நோயாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேசவும் கூடும், நடக்கவும் கூடும். ஆனால் வாடிய தசை திடீரென்று தன் மின்னொழுங்கைக் குலைத்துவிடும். தாளம் தவறிய மேளகாரர் நூறு பேர் ஒவ்வொருவரும் தம் போக்கில் அடிப்பது போல, இதயத்தின் ஒவ்வோர் இழையும் தனித்தனியே துடிக்கும். இரத்தம் ஒரு துளியும் வெளியேறாது. ஆள் அக்கணமே சாய்வார். இதுவே இதயம் நின்றுபோதல். நெஞ்சின் மேல் ஒரு மின்னதிர்ச்சி கொடுத்தால் அக்குழப்பம் முழுவதும் ஒரு கணம் அடங்கி, இதயம் தன் பழைய தாளத்தை மீட்டெடுக்க வாய்ப்புண்டு. ஒன்றும் செய்யாது நின்றாலோ, கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பில் நூற்றுக்கு 7 முதல் 10 வீதம் வரை குறைந்துகொண்டே போகும்.

இதனை மருத்துவ உலகம் கொஞ்சம் கொஞ்சமாகவே கற்றது. 1947இல் அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் குளோட் பெக், நெஞ்சைப் பிளந்திருந்த நிலையில் ஒரு சிறுவனின் இதயத்துக்கு நேரடியாக மின்னதிர்ச்சி கொடுத்து மீட்டார். 1956இல் போல் சோல் என்பார் நெஞ்சைத் திறவாமலே அதைச் செய்துகாட்டினார். 1960இல் கௌவென்ஹோவன் முதலிய மூவர் நெஞ்சை வெளியிலிருந்து கையால் அழுத்தியே இரத்தத்தை ஓடச்செய்யலாம் என்று வெளியிட்டனர். அதே காலத்தில் பீற்றர் சாபர் முதலியோர் வாயோடு வாய் வைத்து ஊதும் முறையை நிலைநாட்டினர். மிஷன் பாடசாலையில் வேத பாடம் கேட்ட எமக்கு, இறந்த பிள்ளையின் வாயின்மேல் தன் வாயை வைத்த எலிசா தீர்க்கதரிசியின் கதை இவ்விடத்தில் நினைவுக்கு வராமலில்லை.

இவ்வளவும் தெரிந்தும் பயன் என்ன? கருவி வைத்தியசாலைச் சுவருக்குள் இருந்தது. மரணமோ வெளியில் இருந்தது. 1960களின் முற்பகுதியில் எங்கும் மாரடைப்பு நோயாளருக்கென விசேட வாட்டுகள் திறக்கப்பட்டன. பெல்பாஸ்ற் நகரிலும் அந்தப் பேச்சு எழுந்தது. பான்ட்ரிட்ஜ் கணக்கைப் பார்த்தார். நடுத்தர வயதினரில் மாரடைப்பால் இறப்போருட் பாதிக்கு மேற்பட்டோர், நோய் தொடங்கி ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே இறந்துவிடுகிறார்கள் என ஆய்வுகள் காட்டின. அந்த ஒரு மணித்தியாலத்தில் நோயாளி எங்கே இருக்கிறார்? வீட்டில், வயலில், தொழிற்சாலையில், வீதியில். வாட்டுக்கு உயிருடன் வந்து சேருபவர் ஆபத்தில் பெரும்பகுதியைக் கடந்தவர். அப்படியானால் வாட்டை யாருக்காகக் கட்டுகிறோம்? இக்கேள்வி எளியது. எளிய கேள்வியைக் கேட்பதற்கு அவரைப் போன்ற அடங்காப்பிடாரி ஒருவர் வேண்டியிருந்தது.

நோயாளி கருவியிடம் வர இயலாதாயின் கருவி நோயாளியிடம் செல்லட்டும் என்று தீர்மானித்தார். மின்னதிர்ச்சிக் கருவிகள் அக்காலத்தில் சுவர் மின்சாரத்தில் இயங்கிய பெரும் பெட்டிகள். மோட்டார்க் கார் பற்றரிகளைக் கொண்டு இயங்குமாறு ஒன்றை ஒழுங்கு செய்தார். அதன் நிறை 70 கிலோகிராம்! ஒரு மூடை நெல்லைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவது போலத்தான். ஆயினும் அது நகர்ந்தது. 1966ஆம் ஆண்டு தை மாதத்தில், இளம் டாக்டரும் தாதியும் அந்தக் கருவியும் கொண்ட அம்புலன்ஸ் வண்டி பெல்பாஸ்ற் வீதியில் முதன்முதலாக ஓடியது. ஜோன் கெடிஸ் என்னும் இளம் டாக்டர் அவருக்கு வலக்கையாக நின்றார்.

அவ்வண்டியின் நோக்கம் நோயாளியை அள்ளிக்கொண்டு பறப்பதன்று. இது முக்கியம். போன இடத்திலேயே மின்பதிவு எடுத்து, நோவுக்கு மருந்து ஏற்றி, இதயத் தாளத்தைச் சீராக்கி, ஆள் நிலைப்பட்ட பின்னரே ஆறுதலாக வண்டியை நகர்த்தினார்கள். முதல் 15 மாதங்களில் 312 நோயாளரைப் பார்த்தனர். ஒருவரேனும் வழியில் இறக்கவில்லை. வைத்தியசாலைக்கு வெளியே இதயம் நின்றுபோன 10 பேரை மீட்டனர். அவர்களுள் ஐவர் பின்னரும் உயிர் வாழ்ந்தனர். 1967 ஓகஸ்ற் மாதத்தில் 'லான்செற்' என்னும் வைத்திய சஞ்சிகையில் இச்செய்தி வெளியாயிற்று. ஐந்து பேர்தானா என்று கேட்கலாம். அதற்கு முந்திய நாள்வரை அந்த எண் பூச்சியம்.

பிரித்தானிய வைத்திய உலகம் இதனை மாலையிட்டு வரவேற்கவில்லை. பலர் நம்பவில்லை, சிலர் வீண் செலவென்றனர், டாக்டரை வைத்தியசாலையிலிருந்து வீதிக்கு அனுப்புவது முறையா என்றனர் வேறு சிலர். பான்ட்ரிட்ஜும் பதிலுக்கு இனிமையாகப் பேசும் சுபாவமுடையவர் அல்லர். உத்தியோகத்தரையும் மந்திரிமாரையும் வெளிப்படையாகவே சாடினார். அவருடைய நாக்கு அவருடைய காரியத்துக்குப் பல இடங்களிற் குறுக்கே நின்றிருக்கும் என்பது எமது எண்ணம். ஆனால் அந்த நாக்கு இல்லாதிருந்தால் காரியமே தொடங்கியிராது என்றும் தோன்றுகிறது.

கடல் கடந்த அமெரிக்கா உடனே பிடித்துக்கொண்டது. 1968இல் நியூயோர்க்கின் சென் வின்சென்ற் வைத்தியசாலை இதுபோன்ற வண்டியை ஓட்டியது. சியாற்றில் நகரத்தவர் தீயணைப்புப் படையினரைப் பழக்கினர்; அதோடு நில்லாது, நெஞ்சை அழுத்தும் முறையைச் சாதாரணக் குடிமக்களுக்கும் ஆயிரக்கணக்கிற் கற்பித்தனர். இங்கிலாந்தின் பிரைற்றன் நகரில் டாக்டர் டக்ளஸ் சேம்பர்லின் 1970களின் தொடக்கத்தில், டாக்டரின்றி அம்புலன்ஸ் ஊழியரே இதனைச் செய்யலாம் என்று நிரூபித்தார். 1972இல் முன்னாள் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் வேர்ஜீனியாவில் மகள் வீட்டிற் கடும் மாரடைப்பால் வீழ்ந்தபோது, அவரைக் கவனித்தவர்கள் பெல்பாஸ்ற் முறையைப் பின்பற்றிய சார்லற்ஸ்வில் குழுவினரே. பிரித்தானியாவின் முன்னணி அம்புலன்ஸ் வண்டிகள் அனைத்திலும் மின்னதிர்ச்சிக் கருவி வைக்கப்பட்டது 1990இலேதான். சொந்த ஊரிற் சொல் ஏறாமை உலகெங்கும் உள்ள சங்கதிபோலும்.

கருவியின் பாரத்தைக் குறைப்பதில் அவர் ஓயவில்லை. விண்வெளிப் பயணத்துக்கென அமெரிக்கர் செய்வித்த சிறிய மின்தேக்கியைப் பயன்படுத்தி, 1968இல் சுமார் 3 கிலோகிராம் நிறையுள்ள கருவியை உருவாக்கினார். எழுபது மூன்றானது. கருவியைக் கையில் தூக்க முடிந்ததும் அவருடைய எண்ணமும் ஒருபடி மேலேறியது. இதற்கு டாக்டர் எதற்கு, அம்புலன்ஸ்காரர்தான் எதற்கு, தீயணைக்கும் சிலிண்டர் தொங்கும் இடமெல்லாம் இதுவும் தொங்கினால் பக்கத்தில் நிற்பவரே எடுத்துப் பயன்படுத்தலாமே என்று வாதிட்டார். தாளத்தைத் தானே கணித்து, என்ன செய்வதென்று வாய்திறந்து சொல்லும் கருவிகள் பிற்காலத்தில் வந்து அவ்வாதத்தை நிறைவேற்றின.

இவர் விவாகம் செய்யவில்லை. சமன் மீன் பிடிப்பதில் பெரும் பிரியமுடையவர். 1989இல் தம் சுயசரிதையை வெளியிட்டார். ஹில்ஸ்பரோவிலேயே காலமானார். அன்னாருக்கு வயது 88. திகதியைச் சொன்னால் எம் மாவட்டத்தார் திடுக்கிடுவர்: 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26. முல்லைத்தீவுக் கரையைக் கடல் வாரிக்கொண்டு போன அதே நாள். உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் ஆழிப்பேரலையில் நிறைந்திருந்த வாரத்தில் அவருடைய மரணச் செய்தி ஒரு மூலையில் வந்தது.

அவர் இறந்த அதே ஆண்டில், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு வெளியாயிற்று. இதயம் நின்றுபோன 5,600க்கு மேற்பட்டோரை எடுத்துப் பார்த்தனர். விரைவான மின்னதிர்ச்சி ஏற்கெனவே கிடைத்த ஊர்களில், அதற்கு மேலாக மூச்சுக்குழாயிற் குழாய் செலுத்துதல், நாளத்தில் மருந்தேற்றுதல் ஆகிய உயர்தர உயிர்காப்புச் சிகிச்சைகளையும் சேர்த்தபோது, பிழைத்தோர் தொகை கூடியதா? இல்லை. முன்னரும் நூற்றுக்கு சுமார் 5 பேர். பின்னரும் சுமார் 5 பேர். 2018இல் பிரித்தானியாவில் 8,000 பேரிடம் அட்றினலின் மருந்து சோதிக்கப்பட்டது. மருந்து பெற்றோரில் 3.2 வீதத்தினரும், பெறாதோரில் 2.4 வீதத்தினரும் 30 நாள் கடந்து வாழ்ந்தனர்; ஆனால் மூளை நலத்துடன் மீண்டோர் தொகையில் தெளிவான வித்தியாசம் காணப்படவில்லை. மருந்து வீண் என்பது இதன் பொருளன்று. ஆள் விழும்போது ஒருவர் கண்டிருத்தல், கண்டவர் உடனே நெஞ்சை அழுத்துதல், மின்னதிர்ச்சி விரைந்து கிடைத்தல் ஆகியனவே பிழைத்தோரிடத்துப் பெரும்பாலும் காணப்பட்டன. பான்ட்ரிட்ஜ் 1966இல் துரத்திப் பிடித்தது அந்த நிமிடங்களையே.

விசுவமடுவின் நிமிடங்களை இனி எண்ணிப் பார்ப்போம். எமது நாட்டில் இந்திய உதவியுடன் 1990 'சுவசெரிய' அம்புலன்ஸ் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளுடன் தொடங்கி, 2018 ஆடி மாதத்தில் வடக்குக்கும் வந்தது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தாற் பணம் கேளாமல் பயிற்சி பெற்ற ஊழியருடன் வண்டி வரும். வரும், ஆனால் தொட்டியடிப் பக்கத்து வயல்வரம்புக்கும் குளக்கட்டுக்கும் எத்தனை வேகமாக ஓடினாலும் ஐந்து நிமிடத்தில் வர முடியுமா? பெரும்பாலும் நம்மவர் செய்வதென்ன? விழுந்தவரின் முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். வாயில் சோடா வார்ப்பார்கள். ஓட்டோவில் மடக்கி ஏற்றித் தருமபுரத்துக்கோ கிளிநொச்சிக்கோ ஓடுவார்கள். ஓட்டோவின் பின் ஆசனத்தில் நெஞ்சை அழுத்த இடமில்லை. மூச்சில்லாத மனிதர் அப்பயணம் முழுவதும் சும்மா கிடக்கிறார்.

செய்ய வேண்டியது இதுவே. ஆள் கூப்பிட்டுத் தட்டியும் அசையவில்லை, ஒழுங்கான மூச்சும் இல்லையெனில், ஒருவர் 1990க்கு அழைக்க, மற்றவர் அவரை வன்தரையில் மல்லாத்திக் கிடத்தி, நெஞ்செலும்பின் நடுவில் ஒரு கையின் அடிப்பாகத்தை வைத்து, மறுகையை அதன்மேல் வைத்து, முழங்கையை மடக்காமல், 5 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் 6க்கு மேற்படாமல் அழுத்தி விடவேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. பழகியவர் 30 அழுத்தத்துக்கு 2 முறை வாயால் ஊதலாம். பழகாதவர் அழுத்திக்கொண்டே இருந்தாற் போதும். இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். பக்கத்தில் நிற்பவர் மாற வேண்டும். திக்கித் திணறி இடையிடையே வரும் பெருமூச்சைக் கண்டு உயிர் வந்துவிட்டதென்று நிறுத்திவிடலாகாது. அது நிற்கும் இதயத்தின் அடையாளமே. வன்னியில் நெல்மூடை ஏற்றி இறக்கிப் பழகிய கைகளுக்கு இது பாரமான வேலையன்று. ஒரு பிற்பகலிற் பழகிக்கொள்ளத்தக்கது. எமது வாசிகசாலை மண்டபம் அதற்குப் போதும்.

லிஸ்பேர்ண் நகரின் நகரசபைக் கட்டடத்தின் முன்னே பான்ட்ரிட்ஜுக்குச் சிலை எழுப்பியிருக்கிறார்கள். ஹில்ஸ்பரோவிலிருந்து அது சில கிலோமீற்றர் தூரமே.